பள்ளத்துப் பக்கத்து ஏழு ஆப்பு

நெருப்பெரிச்சல்
2.4.2006

ஏலே உளுந்து,

இந்தப் பேரச் சொன்னா இன்னும் திரும்பிப் பாப்பியாலே? நான் உங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த அன்னைக்குக் கறுப்பா, உருண்டையா, மூக்கு ஒழுக அடுப்படியில நின்னே. உனக்கு அஞ்சு வயசு. அன்னைக்கு நான் வச்ச பேரு. உங்க அம்மை போனபொறவு உனக்குச் சோறு ஊட்டினவ நான். அந்த உரிமையில எழுதுதேன்.

உங்க அண்ணனுக்குக் கொள்ளி வச்சது நீ. வச்ச கையோட சுடுகாட்டுல இருந்தே போயிட்டே. பதினாறாம் நாள் வருவேன்னு உனக்கு ஒரு எலையப் போட்டு, ஈ மொய்க்கிறவரைக்கும் உக்காந்திருந்தேன். பாறைகிட்ட இருக்குற டீக்கடைக்குப் போன் போட்டா, "இருங்க, கூட்டியாறனுங்க"ன்னு போற ஆளு திரும்பி வந்து, "அந்தத் தம்பி வரமாட்டேங்குதுங்க, கல்லக் கொத்திக்கிட்டே இருக்குதுங்க"ங்காரு. வாயில சொல்ல வரலன்னா எழுது. நான் அஞ்சாங்கிளாசு, நீ எட்டு படிச்சவன்.

கல்லு சரிஞ்சிட்டுன்னு வந்தவுக எல்லாம் சொன்னாக. எனக்கு அது பத்தாது. அவுக பள்ளத்துப் பக்கம் கிடந்தாகளாமே. கல்லுல அடிச்ச மர ஆப்புக்குத் தண்ணி ஊத்த ஆரம்பிச்சபொறவு பள்ளத்துப் பக்கம் ஒரு உசுரு நிக்கக் கூடாது, கோழி நின்னாக் கூட வெரட்டணும்னு எனக்கே எத்தன தடவ சொல்லியிருக்காக. இருபது வருசம் கல்லுல நின்ன மனுசன். அவுக எதுக்குலே அங்க எறங்கினாக? அது தெரியாம எனக்குச் சோறு எறங்கல.

இன்னொண்ணு. பனியன் கம்பெனியில கரண்டு போனா மிசின் அம்புட்டும் ஒண்ணா நிக்கும் பாரு, அப்ப எனக்குக் கேக்குது. ணங், ணங், ணங். மூணு தட்டு. கல்லு நல்ல கல்லான்னு அவுக தட்டிப் பாக்குற அதே தட்டு. பக்கத்துல இருக்கவகிட்டக் கேட்டேன். "ஒண்ணும் கேக்கலையேக்கா"ங்கா. வீட்டுல நம்ம புள்ள அபிராமி கரண்டிய வச்சிச் செவுத்தத் தட்டுதா. மூணு தட்டு, காத வச்சிக் கேக்கா. அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

எழுது.
வெள்ளையம்மாள்

*

குண்டடம் பக்கம், பாறைக்காடு
10.4.2006

மதினிக்கு இசக்கிமுத்து எழுதுறது.

அபிராமி பள்ளிக்கூடம் போறாளா. நீங்க சாப்பிடுங்க.

என்ன நடந்துச்சுன்னு கேட்டிருந்தீங்க. கணியூர்ப் பக்கம் அந்தப் பழைய கோயில்ல உத்திரக் கல்லு வெடிச்சுக் கெடந்தது உங்களுக்குத் தெரியும். கோயில் கட்டினவங்க எந்தப் பாறையில கல்லெடுத்தாங்களோ அதுலதான் எடுக்கணும், வெடி வைக்கக் கூடாது, வெடி வச்சா கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓடும், பழைய முறையிலேயே பொளக்கணும்னு பெரிய ஸ்தபதி சொல்லிட்டாரு. அதுக்குத்தான் அண்ணனைக் கூப்பிட்டாரு. மர ஆப்பு வச்சிக் கல்லுப் பொளக்கத் தெரிஞ்சவங்க இப்ப எத்தன பேரு.

அந்தப் பாறை, மாரப்பன் ஐயான்னு ஒரு பெரியவரோட காட்டுல இருக்கு. அதுல எழுநூறு எண்ணூறு வருசத்துக்கு முந்தி வெட்டின குழி வரிசையா இருந்துச்சு. சாண் இடைவெளி, நாலு வெரக்கட ஆழம், ஒண்ணுக்கொண்ணு மயிரளவு பெசகல. மேட்டுப் பக்கத்துல இருந்து பதினஞ்சு குழி. அதோட நிறுத்திட்டுப் போயிட்டாங்க. ஏன்னு மாரப்பன் ஐயாகிட்டக் கேட்டோம். "எங்க அப்புச்சி காலத்துலயே யாருக்கும் தெரியாதுங்க சாமி, அந்தக் குழியில மழத்தண்ணி நின்னா குருவி குடிக்கும், அவ்வளவுதானுங்க"ன்னாரு. அண்ணன் அந்தக் குழிக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாத்துட்டு, "ஏலே, இவன் எடதுகைக்காரன்"னு சொன்னாங்க. உளி விழுந்த சாய்வு அப்படி இருந்துச்சாம். ஏதோ முந்தாநாள் வேல பாத்த ஆளச் சொல்ற மாதிரி சொன்னாங்க. காவி தொட்ட நூல அடிச்சி, அதே கோட்டுல பள்ளத்துப் பக்கம் ஏழு குழி நாங்க வெட்டினோம். மொத்தம் இருபத்திரெண்டு.

காஞ்ச கருவேல ஆப்ப அடிச்சி எறக்கி, மேல துணி சுத்தி, தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். மரம் ஊறிப் பருக்கப் பருக்கக் கல்லு தானா வாயத் தொறக்கும். எல்லா ஆப்பும் ஒண்ணுபோல ஊறணும். அதுதான் இதுல பெரிய விசயம்.

தண்ணி ஊத்த வேண்டியது நான். வேப்ப மரத்தடியில படுத்தேன், தூங்கிட்டேன் மதினி. ஆப்பு காஞ்சிருச்சி. அண்ணன் பாக்க எறங்கினாங்க. அவ்வளவுதான்.

என் மூஞ்சிய உங்களுக்குக் காட்ட முடியாது.

இசக்கிமுத்து

*

நெருப்பெரிச்சல்
16.4.2006

இசக்கிமுத்துக்கு,

தூங்கினியா.

உனக்கு அம்மை போட்டப்ப ஏழு நாள் வேப்பங்கொழைய வீசிக்கிட்டே உக்காந்திருந்தோம், நானும் அவுகளும் மாறி மாறி. ஒரு நாளாவது அவுக தூங்கினாகளாலே? உனக்குத் தண்ணி ஊத்துற வேல ஒண்ணு. கல்லப் பொளக்கச் சொல்லல, உளி புடிக்கச் சொல்லல. குடத்தச் சாய்க்கச் சொன்னாக.

ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. இனி இந்த வீட்டுக்கு நீ வராதே. அபிராமிகிட்டச் சித்தப்பா வடக்க வேலைக்குப் போயிட்டான்னு சொல்லிட்டேன். உன் பெட்டி, சட்ட எல்லாம் வாசப்பக்கம் சாக்குல கட்டி வச்சிருக்கேன்.

அவுக உளி எல்லாத்தையும் குடுத்து விடு. அது உன் கையில இருக்கக் கூடாது. அவுக கைச்சூடு அதுல இருக்கு.

நேத்து கரண்டு மூணு தடவ போச்சு. மூணு தடவையும் கேட்டுச்சு. இப்ப தட்டு மணி மாதிரி இல்ல. ஓட்டப் பானையத் தட்டுற மாதிரி கேக்குது. உள்ள கீறல் இருக்குற கல்லு அப்படித்தான் சத்தம் குடுக்கும்னு அவுக சொல்லுவாக. என்னப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, குடத்துத் தண்ணியத் தூக்கிட்டு நான் போறேன், அந்த வெங்கலக் குடத்தச் சுண்டிப் பாத்துட்டு, "கொடம் நல்ல கொடம், தூக்குற ஆளத்தான் தட்டிப் பாக்க முடியல"ன்னு சொன்ன மனுசன்லே. எங்கய்யாவே சிரிச்சிட்டாரு.

உன்கிட்ட வேற பேச்சு இல்ல.

வெள்ளையம்மாள்

*

பாறைக்காடு
27.4.2006

மதினிக்கு,

உளி பதினொண்ணு, சுத்தியல் ரெண்டு, மூலமட்டம், நூல் குண்டு. டெம்போ ஓட்டுற சென்னிமலைகிட்டக் குடுத்து விட்டிருக்கேன். உளிக் கொண்டையில மூணு கோடு ராவியிருக்கும், அது அண்ணனோட அடையாளம். துரு ஏறாம எண்ணெ தடவிக் கையில கெடச்ச துணியச் சுத்தியிருக்கேன்.

தரையில போடாதீங்க. நுனி போயிரும். அண்ணன் காய்ச்சி நுனி குடுத்தது. நெருப்புல செவக்கவச்சி, நுனிய மட்டும் தண்ணியில தொட்டெடுத்து, மஞ்சள் ஓடி நீலம் வர்றப்ப முழுசா முக்கணும். ஒரு நொடி முந்தினா உடையும், பிந்தினா மழுங்கும். எனக்கு இன்னும் அது சரியா வரல.

என் பெட்டிய யாருக்காவது குடுத்துருங்க.

இசக்கிமுத்து

*

நெருப்பெரிச்சல்
7.5.2006

ஏலே உளுந்து,

ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லு. பொய் எழுதினா என் பொணத்தத்தான் பாப்பே.

போன ஞாயித்துக்கெழம உளி மூட்டையப் பிரிச்சேன். வெள்ளத்துணி கொஞ்சம், நீலத்துணி கொஞ்சம் சுத்தியிருந்தே. எல்லாம் ஆப்புக்குச் சுத்த நான் குடுத்தனுப்பின பனியன் வேஸ்ட்டு. கல்லுத்தூசி அப்பிக் கெடந்துச்சு. அவுக கைபட்ட துணி, தூரப்போட மனசு வரல. குழாயடியில சோப்புப் போட்டு அலசிக் கொடியில போட்டேன்.

உள்ள போயி அரிசி களஞ்சி ஒலையில போட்டுட்டு வந்து பாக்கேன். வெள்ளத்துணியில இருந்து தண்ணி சொட்டிக்கிட்டு இருக்கு. நீலத்துணி காத்துல பறக்குது. தொட்டேன். காஞ்சிருச்சு.

அதக் கொடியில இருந்து உருவினேன்லே.

மறுபடி நனைச்சேன். தண்ணி உள்ள போகாம மேலயே வழிஞ்சு ஓடுது. மூணு தடவ நனைச்சேன், மூணு தடவையும் காஞ்சுச்சு. மறுநா அந்தத் துண்டக் கம்பெனிக்குக் கொண்டுபோயி எங்க சூப்பர்வைசர் இந்துமதிகிட்டக் காட்டினேன். அவ சின்னப்பொண்ணு, எதையும் படக்குன்னு சொல்லுவா. "ஏனுங்க்கா, இது பாலியஸ்டருங்க. மாசி மாசம் ஓடுச்சே, ஆட்டக்காரங்க போடற பனியன் ஆர்டரு, அந்தத் துணிங்க. வேர்வ நிக்காம சட்டுனு காயோணும்னே பண்றதுங்க. இதுல போயி தண்ணிய நிக்க வெக்கிறீங்களே"ன்னு சிரிச்சா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது பாவம்.

எனக்குத் தெரியும்லே. பத்து வருசமாச் செக்கிங்ல இருக்கேன். கண்ணக் கட்டிட்டுக் குடுத்தாலும் எது பருத்தி, எது கலப்புன்னு வெரல் சொல்லிரும். முதல் மூட்ட வெள்ளப் பருத்தியா அனுப்பினேன். ரெண்டாவது மூட்டைக்குப் பொறுக்கும்போது வெள்ளையில எல்லாம் மிசின் எண்ணெக் கறை. அவுகளுக்கு அழுக்குத் துணியா அனுப்புறதுன்னு நீலத்தப் பொறுக்கினேன். பளபளன்னு புதுசா இருந்துச்சு. கல்லுக்குத்தானே, எதா இருந்தா என்னன்னு நெனச்சேன். வெரல் சொன்னது மூளைக்குப் போகல.

எந்த ஆப்புக்கு அந்த நீலத்துணியச் சுத்துனீக? நீ தூங்கினியா, தூங்கலையா?

வெள்ளையம்மாள்

*

பாறைக்காடு
19.5.2006

மதினி,

அவசரத்துல உளிக்கு அந்தத் துணியச் சுத்தி அனுப்பிட்டேன். என் கைய வெட்டணும்.

நான் தூங்கல.

உங்ககிட்ட இருந்து அண்ணன் போயாச்சு. துணியும் போகக் கூடாதுன்னு நெனச்சேன். காலையில இருந்து சாயந்தரம்வரைக்கும் நீங்க தொடுறது அதத்தானே. இது தெரிஞ்சா எப்படித் தொடுவீங்க, எப்படி அபிராமிக்குச் சோறு போடுவீங்கன்னு நெனச்சித்தான் என் தலையில போட்டுக்கிட்டேன். என்ன வெறுத்தா உங்களுக்குப் பொழப்பு ஓடும். உங்களையே வெறுத்தா ஓடாது.

இனி மறைக்கல. முதல் மூட்ட பதினஞ்சு ஆப்போட தீந்துச்சு. ரெண்டாவது மூட்டையப் பிரிச்சதும் அண்ணன், "பாத்தியாலே, ஒங்க மதினி கல்லுக்குப் பட்டு எடுத்து அனுப்பியிருக்கா. இன்னைக்குக் கல்லுக்குக் கல்யாணம்டே"ன்னு சிரிச்சாங்க. பள்ளத்துப் பக்கம் ஏழு ஆப்புக்கும் அவங்க கையாலயே சுத்தினாங்க. ஒரு துண்டக் கழுத்துல கட்டிக்கிட்டாங்க.

ராத்திரி முழுக்க மாறி மாறி ஊத்தினோம். விடிஞ்சு வெயில் ஏறிச்சு. மேட்டுப் பக்கம் நூல் மாதிரி கோடு விழுந்துச்சு. பள்ளத்துப் பக்கம் அசையல. நான் ஊத்திக்கிட்டேதான் இருந்தேன். துணி நனையுது, மறுபடி பாத்தா வெளுத்துக் கெடக்கு. வெயில் அப்படி அடிக்குதுன்னு நெனச்சேன். ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் காஞ்சா கோடு நேரா ஓடாது, பக்கவாட்டுல திரும்பிரும். அண்ணனுக்கு அது தெரியும்.

அண்ணன் மேல நின்னு குனிஞ்சு ஒரு நீலத்துணிய எடுத்துப் பிழிஞ்சாங்க. ஒண்ணும் வரல. அத உள்ளங்கையில வச்சிக்கிட்டுச் சும்மா நின்னாங்க. ரொம்ப நேரம் இல்ல. ஒரு பீடியில ரெண்டு இழுப்பு இழுக்குற நேரம். எனக்கு முதுகுதான் தெரிஞ்சுச்சு. பொறவு திரும்பாமலே, "ஏலே, கெணத்துக்குப் போயி ரெண்டு குடம் கொண்டா. ஓடி வராத, மெதுவா வா"ன்னாங்க. எப்பவும் ஓடு ஓடுன்னு வெரட்டுற ஆளு.

நான் கெணத்துல குடத்த எறக்கும்போது கேட்டுச்சு. பாறை ஒடையுற சத்தம்னு நெனைக்காதீங்க. ஒரு மணி அடிச்ச மாதிரி. ணங். ஒரு தடவதான்.

கல்லுக் கோடு பள்ளத்துப் பக்கம் வந்து திரும்பி, ஒரு துண்டு சரிஞ்சிருந்துச்சு. ஏழு ஆப்புல நாலுல நீலத்துணிய உருவியிருந்தாங்க. ஒரு ஆப்புல அவங்க தோள் துண்ட நனைச்சிச் சுத்தியிருந்தாங்க. மேல நின்னா சரிவுல கீழ இருக்குற ஆப்புக்குக் கை எட்டாது. அதுக்குத்தான் எறங்கியிருக்காங்க. கழுத்துல இருந்த நீலத்துணிய நான் கழட்டிட்டுத்தான் அண்ணன உங்ககிட்டக் கொண்டு வந்தேன். நீங்க பாக்கக் கூடாதுன்னு.

பள்ளத்துப் பக்கம் ஒடஞ்சது போக, மேட்டுப் பக்கம் ஒம்பதடி பழுதில்லாம நின்னுருக்கு. ஸ்தபதி வந்து தட்டிப் பாத்தாரு. மணிச்சத்தம். அதுதான் உத்திரத்துக்குப் போகுது. எரவல் உளி வாங்கிக் கொத்திக்கிட்டு இருக்கேன். மேல்முகத்துல அண்ணனோட மூணு கோட்டக் கொத்தியிருக்கேன். ஏத்தினபொறவு அது கட்டடத்துக்குள்ள போயிரும், யாரும் பாக்க மாட்டாங்க.

இன்னொரு கல்லு பொளக்க வேண்டியிருக்கு. மாரப்பன் ஐயா, "வேண்டாமுங்க தம்பி, உட்டுப் போடுங்க, அந்தக் காலத்து ஆளுங்களே உட்டுட்டுப் போன பாறைங்க"ங்கிறாரு. நான் விடலாம்னு இல்ல. உங்ககிட்டக் கேக்காமலும் செய்ய மாட்டேன்.

உளுந்து

*

நெருப்பெரிச்சல்
4.6.2006

உளுந்து,

உன் கடிதாசிய நாலு நாளு இடுப்புல சொருகியே வச்சிருந்தேன். வேலைக்குப் போனேன். மேசையில துணி வந்துக்கிட்டே இருந்துச்சு, தொட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு நா ஒரு பீஸப் பிழிஞ்சிட்டேன், காஞ்ச துணிய. இந்துமதி பாத்துட்டு, "ஏனுங்க்கா, ஒடம்புக்கு ஆகலீங்களா"ன்னு தண்ணி மோந்து குடுத்தா. அதுக்கும் அழுக வந்துச்சு.

நான் உன்ன என்னெல்லாம் எழுதினேன். நீ அத வாங்கிட்டுப் பொய்யச் சொல்லிக்கிட்டு அந்தப் பாறையில தனியாக் கெடந்திருக்கே. எம் புள்ளைய நானே வாசல்ல வச்சிக் கதவச் சாத்தியிருக்கேன். வாசச் சாக்கப் பிரிச்சி உன் சட்டையெல்லாம் தொவச்சி உள்ள வச்சாச்சு. அபிராமிகிட்டச் சித்தப்பா வந்துட்டான், குண்டடத்துலதான் இருக்கான்னு சொல்லிட்டேன். "எனக்கு முன்னாலயே தெரியும்"னுட்டா. அவளுக்குச் செவுத்தத் தட்டச் சொல்லிக் குடுத்தது நீதானாமே. பொங்கலுக்கு நீ வந்தப்பவாம். நான் என்னென்னமோ நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

அந்தக் கல்லப் பொளந்துரு. இதோட ஒரு மூட்ட வருது. முழுக்க வெள்ளப் பருத்தி, எண்ணெக் கறையோட. ஒவ்வொரு துண்டையும் நனைச்சி, ஒரு மணி நேரம் வெயில்ல போட்டு, தொட்டுப் பாத்துத்தான் கட்டியிருக்கேன். இருபத்திரெண்டு ஆப்புக்கு ரெண்டு சுத்து வரும். அவுக உளி பதினொண்ணும் உள்ள இருக்கு. எண்ணெ தடவியிருக்கேன், தரையில போடல. இனி அது உன்னுது. கொண்டையில அவுக மூணு கோட்டுக்குக் கீழ உனக்கு ஒரு கோடு ராவிக்கோ. பள்ளத்துப் பக்கம் எறங்காதே. துணி காஞ்சாலும், கல்லு போனாலும், ஆண்டவனே கூப்பிட்டாலும் எறங்காதே. உத்திரம் ஏத்துற அன்னைக்கு அபிராமியக் கூட்டிட்டு வாறேன். ஏத்துறதுக்கு முந்தி மேல்முகத்த அவ தொட்டுப் பாக்கணும்.

அந்தப் பதினஞ்சு குழிய நெனச்சிக்கிட்டே இருக்கேன். அந்த எடதுகைக்காரன் வீட்டுலயும் ஒருத்தி இருந்திருப்பா. பழந்துணியோ நாரோ, அவளுந்தான் கட்டிக் குடுத்தனுப்பியிருப்பா. அவன் ஏன் நிறுத்தினான்னு அவளுக்காவது யாராவது சொன்னாங்களோ என்னமோ.

கரண்டு போனா இப்பவும் சத்தம் கேக்குது. அது போகும்னு தோணல. போகவும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணுதான் என்ன அறுக்குது. நீ முதுகுதான் பாத்தேன்னு எழுதியிருக்கே. பாறை மேல, அவுக நின்ன எடத்துல உக்காந்து நல்லா யோசிச்சுப் பாரு. அந்த நீலத்துணியப் பிழிஞ்சி உள்ளங்கையில வச்சிக்கிட்டு நின்னாகளே, அந்த ரெண்டு இழுப்பு நேரம், அவுக என்னத் திட்டினாகளா, சிரிச்சாகளாலே?

வெள்ளையம்மாள்